நழுவாமல் உருளும் பந்து: விடைப் பக்கத்தில் இருப்பது அச்சுப் பிழையா?

கேள்வி, ஜூலை 6, மாலை

சார், பிளஸ் ஒன் படிக்கிறேன். கணக்கு இதுதான்: திண்மக் கோளம் ஒன்று 30 பாகை சாய்தளத்தின் உச்சியிலிருந்து நழுவாமல் உருண்டு இறங்குகிறது. உச்சியின் உயரம் 1 மீட்டர். தொடக்கத்தில் அது ஓய்வில் இருந்தது. அடியை அடையும்போது வேகம் என்ன? நிலை ஆற்றலை இயக்க ஆற்றலுக்குச் சமப்படுத்தி 4.43 மீ/வி என்று போட்டேன். விடைப் பக்கத்தில் 3.74 என்று இருக்கிறது. கோளத்தின் நிறையும் தரவில்லை, ஆரமும் தரவில்லை. அச்சுப் பிழை என்றுதான் நினைக்கிறேன். வகுப்பில் பாதிப் பேருக்கு 4.43தான் வந்திருக்கிறது.

ஜூலை 6, இரவு

பாதி வகுப்புக்கு வந்துவிட்டது என்பதற்காகப் புவியீர்ப்பு இறங்கி வராது, தம்பி. 3.74தான் சரி.

நீ போட்ட கணக்கு நழுவி இறங்கும் கட்டைக்கு உரியது. கேள்வியில் இருப்பது உருளும் பந்து. உருளும் பந்து முன்னே நகர்வதோடு தன்னைத் தானே சுற்றிக்கொண்டும் வருகிறது. சுற்றுவதற்கும் ஆற்றல் வேண்டும். அதையும் எழுது (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம், நிலைமத் திருப்புத்திறன் என்பது ஒரு பொருள் தன்னைச் சுழற்றுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு, கோணத் திசைவேகம் என்பது சுற்றும் வேகம்):

நிறை × ஜி × உயரம் = ½ × நிறை × வேகம்² + ½ × நிலைமத் திருப்புத்திறன் × கோணத் திசைவேகம்²

திண்மக் கோளத்தின் நிலைமத் திருப்புத்திறன் 2/5 × நிறை × ஆரம்². நழுவாமல் உருள்கிறது என்றால் வேகம் = ஆரம் × கோணத் திசைவேகம். இதைப் பொருத்தினால் சுழற்சிக்கான பகுதி 1/5 × நிறை × வேகம்² ஆகிறது. ஆரம் தானாகவே ஓடிவிட்டது பார். இரண்டையும் கூட்டினால் 7/10 × நிறை × வேகம்². இரு பக்கமும் நிறை இருப்பதால் அதுவும் போய்விடும். மிஞ்சுவது வேகம்² = 10/7 × 9.8 × 1 = 14. வேகம் 3.74.

நிறையும் ஆரமும் தராதது பிழையல்ல. கேட்டவர் அவை தேவைப்படாது என்று தெரிந்துதான் விட்டிருக்கிறார். கோலிக்குண்டானாலும் இரும்புக் குண்டானாலும் திண்மமாக இருக்கும்வரை 3.74தான். உள்ளீடற்ற கோளமானால் 3.43, திண்ம உருளையானால் 3.61, வெறும் வளையமானால் 3.13. வடிவம்தான் விடையை மாற்றுகிறது.

ஆற்றல் மாறா விதியைப் பிள்ளைகள் எல்லாரும் குறுக்குவழியாக நினைக்கிறார்கள். குறுக்குவழிதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கில் எதை எழுதாமல் விட்டாய் என்று அந்த விதி உன்னிடம் வந்து சொல்லாது. விட்டதை விட்டபடியே வைத்துக்கொண்டு, 4.43 என்று அழகான விடையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும்.

ஜூலை 6, சற்று நேரம் கழித்து

ஒருவர் 3.78 வருகிறது என்கிறார். ஜியை 10 என்று வைத்திருப்பீர்கள். கேள்வியில் எது தரப்பட்டிருக்கிறதோ அதை வையுங்கள். தரவில்லை என்றால் 9.8. நுழைவுத் தேர்வில் நான்கு விடைகளுக்கும் இடையே நல்ல இடைவெளி இருந்தால் 10 என்று வைத்து நேரத்தை மிச்சம் பிடிக்கலாம். 3.74, 3.78 இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், வினாத்தாள் தயாரித்தவருக்கு அன்று ஏதோ கோபம் என்று பொருள்.

ஜூலை 7, காலை

கேள்வி கேட்ட தம்பி விடவில்லை. "உருள வேண்டுமானால் உராய்வு வேண்டும். உராய்வு இருந்தால் ஆற்றல் வீணாகும். அப்புறம் எப்படி ஆற்றல் மாறா விதி பொருந்தும்?" என்கிறான். முதல் கேள்வியைவிட இது நல்ல கேள்வி.

உராய்வு என்றாலே வெப்பம் என்று எட்டாம் வகுப்பிலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. வெப்பம் வர வேண்டுமானால் இரண்டு பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று தேய வேண்டும். நழுவாமல் உருளும் பந்தில் தரையைத் தொடும் புள்ளியைப் பார். அந்தக் கணத்தில் அதன் வேகம் சுழி. முன்னே போகும் வேகமும், சுழற்சியால் பின்னே போகும் வேகமும் அங்கே சரிக்குச் சரியாகக் கழிந்துவிடுகின்றன. நகராத புள்ளியில் செயல்படும் விசை வேலை செய்வதில்லை. அது ஓய்வுநிலை உராய்வு. பந்தின் முன்னேற்றத்தைக் கொஞ்சம் தடுக்கிறது, தடுத்த அளவை அப்படியே சுழற்சியில் சேர்க்கிறது. மொத்தத்தில் ஒரு ஜூலும் குறைவதில்லை.

அதற்காக எந்தத் தளமானாலும் உருண்டுவிடும் என்று எண்ணாதே. இங்கே தேவைப்படும் உராய்வு விசை, எடையின் சரிவுத் திசைக் கூறில் 2/7 பங்கு. அதாவது உராய்வு குணகம் (பரப்பு எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண்) குறைந்தது 2/7 × டான் 30, ஏறத்தாழ 0.165 இருக்க வேண்டும். மரப்பலகையில் கிடைத்துவிடும். தளம் முழுக்க வழவழப்பானால் பந்து சுற்றாமலேயே வழுக்கி வரும், அப்போது உன் 4.43 வரும். இடைப்பட்ட நிலை ஒன்று உண்டு. குணகம் 0.1 என்று வைத்துப் பார்: பாதி சுற்றி, பாதி வழுக்கி 4.03 மீ/வி வேகத்தில் வந்து சேரும். அங்கேதான் உண்மையாகவே கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போகிறது.

"நழுவாமல்" என்ற ஒற்றைச் சொல் கேள்வியில் சும்மா வரவில்லை. நான் மாலையில் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம், கேள்வியில் எண்களுக்கு அடிக்கோடு போடாதீர்கள், இப்படிப்பட்ட சொற்களுக்குப் போடுங்கள் என்பேன். மறுநாள் பார்த்தால் கேள்வி முழுவதற்கும் அடிக்கோடு போட்டிருப்பார்கள்.

ஜூலை 7, மதியம்

நேரம் கேட்டால் என்ன செய்வது என்று இன்னொருவர்.

நேரம் கேட்டால் ஆற்றல் வழியில் மட்டும் நின்று பயனில்லை. ஆற்றல் சமன்பாட்டில் நேரம் என்ற ஒன்றே கிடையாது. விசை வழிக்குப் போங்கள். உருளும் திண்மக் கோளத்தின் முடுக்கம் 5/7 × ஜி × சைன் 30 = 3.5 மீ/வி². சரிவின் நீளம் 2 மீட்டர். நேரம் 1.07 விநாடி. முடுக்கத்தை நேரத்தால் பெருக்கினால் அதே 3.74 வருகிறது. இரு வழியில் போட்டு ஒரே விடை வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இதில் பிள்ளைகள் விழும் குழி வேறு. சமன்பாடுகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்துகொண்டு, கேள்வியில் எந்த எழுத்துகள் தென்படுகின்றனவோ அவை உள்ள சமன்பாட்டைத் தேடி எடுக்கிறார்கள். யூ (தொடக்க வேகம்) இருக்கிறது, எஸ் (தூரம்) இருக்கிறது, வி (இறுதி வேகம்) கேட்கிறார்கள், எடு இவை மூன்றும் வரும் மூன்றாம் இயக்கச் சமன்பாட்டை. அந்தச் சமன்பாடு முடுக்கம் மாறாத இயக்கத்துக்கு மட்டும்தான் என்பது எழுத்துகளைப் பார்த்தால் தெரியாது. சுருள்வில்லில் கட்டிய பொருளுக்கு அதைப் போட்டு விடை கண்டுபிடித்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். இப்போது அவர் பொறியாளர், ஆகவே யாரும் மனம் தளர வேண்டாம்.

ஜூலை 9, இரவு

பேசிப் பேசி எனக்கே கை அரித்தது. வீட்டிலேயே செய்து பார்த்தேன்.

தேவை: மின்கம்பிகளை மூடும் பிளாஸ்டிக் பட்டை ஒரு துண்டு, மூடியைக் கழற்றியது. ஒரு கோலிக்குண்டு. ஒரு மேசை. பட்டையைப் புத்தகங்களின் மேல் சாய்த்து, கீழ் முனையைச் சன்னமாக வளைத்து, மேசை விளிம்பில் கிடைமட்டமாக முடியும்படி ஒட்டுநாடாவால் ஒட்டினேன். குண்டின் மையம் தொடக்கத்திலிருந்து விளிம்புவரை சரியாக 20 சென்டிமீட்டர் இறங்குகிறது. மேசையின் உயரம் 75 சென்டிமீட்டர். தரையில் வெள்ளைத் தாளை ஒட்டி, அதன் மேல் கார்பன் தாளைக் கவிழ்த்து வைத்தேன். குண்டு விழுந்த இடத்தில் கறுப்புப் புள்ளி விழும். கார்பன் தாள் வாங்கத்தான் சிரமம். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பழைய பெட்டியிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

வேகத்தை நேரடியாக அளக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் அழகு. 75 சென்டிமீட்டர் விழ 0.39 விநாடி ஆகும். விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி விழுகிறது என்று பார்த்தால் வேகம் கிடைத்துவிடும். வழுக்கி வந்தால் 77 சென்டிமீட்டரில் விழ வேண்டும். உருண்டு வந்தால் 65.

77 பக்கம் ஒரு புள்ளிகூட விழவில்லை. விடைப் பக்கத்துக்கு வெற்றி. ஆனால் 65 பக்கமும் விழவில்லை. புள்ளிகள் எல்லாம் 59க்கும் 60க்கும் நடுவே கொத்தாக விழுந்திருக்கின்றன. விடும் இடத்தில் கை நடுங்கினால் புள்ளிகள் சிதறும். இவை சிதறவில்லை. ஒரே இடத்தில் பிடிவாதமாக விழுகின்றன.

ஐந்து சென்டிமீட்டர் எங்கே போயிற்று? காற்றுத் தடை என்று சொல்பவர்களுக்கு: இந்த வேகத்தில் ஒரு கோலிக்குண்டுக்குக் காற்று அவ்வளவு செய்யாது. யோசித்துச் சொல்லுங்கள்.

ஜூலை 10, காலை

வந்த ஊகங்கள்: பட்டை சரியாகக் கிடைமட்டமாக முடியவில்லை (நீர்மட்டம் வைத்துப் பார்த்தேன், முடிந்திருக்கிறது). கோலிக்குண்டு முழு உருண்டை இல்லை (கொஞ்சம் உண்மை, போதாது). பிளாஸ்டிக் நெளிந்து ஆற்றலை விழுங்குகிறது (கொஞ்சம் விழுங்கும், இவ்வளவு இல்லை). "உங்கள் அளவுகோல் சரியில்லை" என்று ஒருவர். அவருக்கு நன்றி.

சரியான பதில், தன்னை இல்லத்தரசி என்று அறிமுகப்படுத்திக்கொண்ட ஒரு அம்மையாரிடமிருந்து வந்தது. "குண்டு பட்டையின் அடியைத் தொடுகிறதா, இரண்டு ஓரங்களையும் தொடுகிறதா?" என்று மட்டும் கேட்டிருந்தார். அவ்வளவுதான், எழுந்து போய்ப் பார்த்தேன். ஓரங்களில்தான் உட்கார்ந்திருக்கிறது. அடிப்பகுதிக்கும் குண்டுக்கும் இடையே ஒரு தாள் நுழைகிறது.

குண்டின் ஆரம் 8 மில்லிமீட்டர். பட்டையின் ஓரங்களுக்கு இடையே 10 மில்லிமீட்டர். ஆகவே சுழலும் அச்சுக்கும், குண்டு தொட்டு உருளும் கோட்டுக்கும் உள்ள தூரம் 8 இல்லை. 64இலிருந்து 25ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 6.24 மில்லிமீட்டர். அதே வேகத்தில் முன்னே போக, குண்டு இப்போது அதிகமாகச் சுற்ற வேண்டும். அதிகம் சுற்றினால் சுழற்சி கேட்கும் பங்கும் கூடுகிறது. கணக்குப் போட்டால் விளிம்பில் வேகம் 1.67க்குப் பதில் 1.54 மீ/வி. விழும் தூரம் 60 சென்டிமீட்டர்.

நேற்று நான் 65 என்று எழுதியது தட்டையான பலகைக்கு உரிய விடை. "ஆரம் ஓடிவிடும்" என்று முதல் நாள் சொன்னதும் தட்டைக்குத்தான். பள்ளத்தில் உருளும்போது ஆரம் ஓடாது, உள்ளேயே நிற்கும். அந்த அம்மையார் எங்கே படித்தார் என்று கேட்டேன். "பல்லாங்குழிப் பலகையில்" என்று பதில் வந்தது. இதற்கு மேல் நான் என்ன கேட்பது?

ஜூலை 11, இரவு

இதைப் படித்த ஒரு நண்பர் தானும் செய்து பார்த்தாராம். அவர் பட்டையை மேசை விளிம்புவரை கொண்டுவராமல், 30 சென்டிமீட்டர் முன்பே நிறுத்திவிட்டார். மிச்ச தூரம் குண்டு வெறும் மேசையில் ஓடி விழுந்தது. அவருக்கு 64, 65 என்று வருகிறதாம். "மேசையில் கூடுதலாக ஓடியும் வேகம் எப்படிக் கூடியது? மேசைதான் சாய்ந்திருக்கும்" என்று அவரே முடிவும் கட்டிவிட்டார்.

மேசை சாய்ந்திருக்க வேண்டியதில்லை. இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், நிதானமாகச் சொல்கிறேன்.

பட்டையை விட்டு இறங்கும் குண்டு 1.54 மீ/வி வேகத்தில் போகிறது, ஆனால் அந்த வேகத்துக்குத் தட்டைத் தரையில் தேவைப்படுவதைவிட வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேசையைத் தொட்டதும் அதன் அடிப்புள்ளி பின்னோக்கித் தேய்கிறது. ஆகவே உராய்வு குண்டை முன்னோக்கித் தள்ளுகிறது. சுழற்சி குறைகிறது, வேகம் கூடுகிறது, இரண்டும் பொருந்தும் இடத்தில் தேய்வு நின்றுவிடுகிறது. தொடும் கோட்டைப் பற்றிக் கோண உந்தம் (சுழற்சிக்கு உரிய உந்தம்) மாறாது என்று எழுதினால் புதிய வேகம் 1.66 என்று வருகிறது. விழும் தூரம் 65. இது நடந்து முடியப் பத்து சென்டிமீட்டர்போலப் போதும், அவருக்கோ முப்பது இருக்கிறது.

உராய்வு முன்னே தள்ளுமா என்று வாய் பிளப்பவர்கள், சேற்றில் சுழலும் பஸ் சக்கரம் கெட்டித் தரையைத் தொட்டதும் என்ன செய்கிறது என்று யோசிக்கலாம். இன்னொன்று: இந்தக் கடைசிக் கட்டத்தில் ஆற்றல் மாறா விதியை இயக்க ஆற்றலுக்கு மட்டும் எழுதினால் விடை தவறும். தேய்வு இருக்கிறது, கொஞ்சம் வெப்பம் போகிறது. கோண உந்தம்தான் இங்கே கைகொடுக்கிறது. ஒரே கோலிக்குண்டு, ஒரே மேசை. பட்டையில் ஒரு விதி, மேசையில் வேறு விதி.

ஜூலை 12

கலிலியோ இதைக் கவனிக்கவில்லையா என்று ஒருவர் கேட்கிறார். அவரும் பந்தை உருட்டித்தானே பார்த்தார்?

உருட்டித்தான் பார்த்தார். 1638இல் லைடனில் அச்சான நூலில் அவரே விவரித்திருக்கிறார்: ஏறத்தாழ 12 முழ நீள மரச்சட்டம், அதில் வெட்டிய நேரான பள்ளம், பள்ளத்தில் வழவழப்பாக ஒட்டிய தோல்தாள், நன்கு உருண்டையான வெண்கலக் குண்டு. நேரத்தை அளக்க, பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக நீரை ஒழுகவிட்டு, சேர்ந்த நீரை எடை போட்டார். தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைகிறது என்று கண்டார்.

அவருடைய குண்டும் பள்ளத்தில்தான் உருண்டது, அதுவும் சுழற்சிக்குப் பங்கு கொடுத்துக்கொண்டுதான் வந்தது. ஆனால் அந்தப் பங்கு வழி நெடுகிலும் மாறாத விகிதம். முடுக்கம் முழுவதும் ஒரே அளவில் குறைகிறது, நேரத்தின் வர்க்கம் என்ற விதிக்கு ஒன்றும் ஆவதில்லை. விகிதத்தை மட்டும் கேட்டதால் தப்பித்தார். சரிவிலிருந்து நேராகத் தடையின்றி விழும் முடுக்கத்தின் அளவைக் கறக்க முயன்றிருந்தால் விடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்து போயிருக்கும்.

ஜூலை 14, காலை

"இயக்க ஆற்றலில் அந்த ½ எங்கிருந்து வந்தது?" இப்படிக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி. பெரும்பாலும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

குறுகிய பதில்: ஓய்விலிருந்து ஒரே விசையால் தள்ளும்போது சராசரி வேகம் இறுதி வேகத்தில் பாதி. கடந்த தூரமும் அதற்கேற்பப் பாதி. விசையைத் தூரத்தால் பெருக்கினால் அந்தப் பாதி உள்ளே வந்துவிடும்.

நீண்ட பதில் ஒரு சண்டை. இயக்கத்தின் அளவு நிறை × வேகம் என்றார் டெக்கார்ட். இல்லை, நிறை × வேகம்² என்று 1686இல் லைப்னிட்ஸ் எழுதினார். இரு தரப்பும் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டின. டச்சுக்காரரான கிராவேசாண்டே 1720களில் பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் இரண்டு மடங்கானால் குழி நான்கு மடங்கு. எமிலி து ஷாத்லே 1740இல் தம் நூலில் லைப்னிட்ஸின் பக்கம் நின்று வாதாடினார். இத்தனை நடந்தும் ½ யாருக்கும் தேவைப்படவில்லை, எல்லாரும் விகிதம்தான் பேசினார்கள். 1829இல் கொரியோலிஸ் எந்திரங்களின் வேலையைக் கணக்கிட்டபோதுதான் ½ சேர்ந்தது, வேலையோடு நேராகப் பொருந்த வேண்டும் என்பதற்காக. டெக்கார்ட் சொன்னதும் வீணாகவில்லை. திசையைச் சேர்த்துக்கொண்டால் அதுதான் உந்தம். சண்டை போட்ட இருவருடைய பொருளும் பாடநூலில் அடுத்தடுத்த பாடங்களாக உட்கார்ந்திருக்கின்றன.

ஜூலை 14, மாலை

காலையில் எழுதியதன் தொடர்ச்சி. ஆற்றலின் அலகுக்குப் பெயர் தந்த ஜூல், இயக்கம் நின்றால் அதன் ஆற்றல் வெப்பமாகிறது என்று காட்டியவர். அவர் 1847இல் மணமாகி ஆல்ப்ஸ் பக்கம் போயிருந்தபோது, அருவியின் மேலும் கீழும் வெப்பநிலையை அளக்கப் புறப்பட்டதாகத் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். மனைவி என்ன சொன்னார் என்று எழுதவில்லை.

வீட்டுப்பாடமாகப் போட்டுப் பாருங்கள். கர்நாடகத்தின் ஜோக் அருவி 253 மீட்டர். விழும் நீரின் நிலை ஆற்றல் முழுவதும் அடியில் வெப்பமானால், ஒரு கிலோ நீருக்கு 2,479 ஜூல். நீரை ஒரு பாகை சூடாக்க 4,186 ஜூல். ஆகவே 0.59 பாகை. வழியில் சாரல் ஆவியாகிக் குளிர்வதை எண்ணினால் அதுவும் கையில் நிற்காது. குளித்துச் சூடேற நினைப்பவர்கள் வெந்நீர் வைத்துக்கொள்ளவும்.

ஜூலை 16

பிரேக் கணக்கு கேட்டிருக்கிறார்கள். ஒன்றே ஒன்று தருகிறேன், மனத்தில் விடை சொல்லிவிட்டுப் பிறகு கணக்குப் போடுங்கள்.

இரண்டு கார்கள், ஒன்று 60 கிலோமீட்டர் வேகம், மற்றது 80. சாலையில் எருமை நிற்கிறது. இருவரும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் பிரேக் போடுகிறார்கள். முதல் கார் எருமையின் மூக்கருகே நின்றுவிடுகிறது. இரண்டாவது கார் என்ன வேகத்தில் மோதும்?

கேட்டவர்கள் எல்லாரும் 20 என்றார்கள். 80இல் 60 போனால் 20. விடை 53. பிரேக் எடுத்துக்கொண்டது வேகத்தை அல்ல, ஆற்றலை. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் இருக்கிறது. 6,400இலிருந்து 3,600 போனால் 2,800, அதன் வர்க்கமூலம் 52.9. எருமைக்கு 20 என்றால் பிழைக்க வழி உண்டு. 53க்கு இல்லை.

இதில் கிலோமீட்டரை மீட்டராக்க வேண்டாமா என்றால் வேண்டாம், விகிதம்தான். நிற்கும் தூரத்தைக் கேட்டால் ஆக்கத்தான் வேண்டும். 60 கி.மீ. என்றால் 16.7 மீ/வி. உராய்வு குணகம் 0.7 என்றால் 20 மீட்டர் ஓடி நிற்கும். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி எடுத்துக்கொண்டால் அதற்கு முன்பே 17 மீட்டர் போயிருக்கும். அந்த 17 வேகத்தோடு நேர்விகிதம், இந்த 20 வர்க்கத்தோடு. இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போட்டு இழுக்காதீர்கள்.

ஜூலை 17

எருமைக்கு ஏன் இந்த நிலை, சுவர் என்று வைத்திருக்கலாமே என்று ஒருவர். சுவர் என்றால் யாரும் வருந்துவதில்லை, விடையும் மறந்துவிடுகிறது.

ஜூலை 19, இரவு

சுருள்வில். ஒரு பயிற்சி மையம் அச்சிட்டுக் கொடுத்த தாளில் இருந்த தீர்வை அனுப்பி, எது சரி என்று கேட்டிருக்கிறார் ஒரு மாணவி.

அரைக் கிலோ எடைக்கல், சுருள் மாறிலி (வில்லை ஒரு மீட்டர் நீட்டத் தேவையான விசை) 98 நியூட்டன்/மீட்டர். கல்லை வில்லில் மாட்டினால் எவ்வளவு நீளும்? விசைச் சமநிலை எழுதினால் 4.9 ÷ 98, அதாவது 5 சென்டிமீட்டர். ஆற்றல் எழுதினால், இழந்த நிலை ஆற்றல் = வில்லில் சேர்ந்த ஆற்றல், 10 சென்டிமீட்டர். தாளில் ஆற்றல் வழியில் போட்டு 10 என்று இருக்கிறது. கேள்வியிலோ "மெதுவாக இறக்கினால்" என்று இருக்கிறது.

மெதுவாக இறக்குவது யார்? கை. கை கல்லை மேல்நோக்கித் தாங்கிக்கொண்டே இறங்குகிறது, ஆகவே கல்லின் மேல் எதிர்க்குறி வேலை செய்கிறது. நிலை ஆற்றலில் இழந்தது 0.245 ஜூல். வில்லில் சேர்ந்தது அதில் பாதி. மிச்சப் பாதியைக் கை வாங்கிக்கொண்டது. கையை எழுதாமல் ஆற்றல் சமன்பாட்டை எழுதினால் 10 வரும். அது, மாட்டிவிட்டுச் சட்டென்று கையை எடுத்தால் கல் போய்த் தொடும் அடிமட்டம். தொட்டுவிட்டு மேலே திரும்பிவிடும். மெதுவாக இறக்கினால் விடை 5.

அந்தத் தாளில் மதிப்பெண் போனால் மாணவி பயப்படாமல் போய்க் கேட்கலாம். மரியாதையாக.

ஜூலை 22

கடைசியாக வந்தது முதல் கேள்வி கேட்ட தம்பியிடமிருந்தே. 10 மீ/வி வேகத்தில் ஓடும் பஸ்ஸுக்குள் நின்று ஒரு கிலோ பந்தை முன்னோக்கி 10 மீ/வி வேகத்தில் எறிகிறேன். பஸ்ஸில் இருப்பவருக்கு நான் கொடுத்தது 50 ஜூல். சாலையில் நிற்பவருக்குப் பந்து 10இலிருந்து 20க்குப் போனது, 50இலிருந்து 200 ஜூலுக்கு. 150 ஜூல் கூடியிருக்கிறது. நான் சாப்பிட்டது ஒரே சோறு. மிச்சம் 100 ஜூல் யார் கொடுத்தது?

இப்போது அவன் விட்டுப்போனதைத் தேடத் தொடங்கிவிட்டான்.

பந்தை முன்னே தள்ளும்போது உன் கால் பஸ்ஸின் தரையைப் பின்னே தள்ளுகிறது. தள்ளாவிட்டால் நீயே பின்னால் போவாய். பந்துக்குக் கொடுத்த உந்தம் 10 கிலோகிராம் மீ/வி, அதே அளவைத் தரை உன் காலுக்குத் தருகிறது. சாலையிலிருந்து பார்த்தால் அந்தத் தரை 10 மீ/வி வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. 10ஐ 10ஆல் பெருக்கு. 100 ஜூல். பஸ் கொடுத்தது. பஸ் தன் வேகத்தைக் காத்துக்கொள்ள எஞ்சின் அதை டீசலிலிருந்து எடுத்தது. பஸ்ஸுக்குள் இருப்பவருக்குத் தரை நகரவில்லை, ஆகவே அது வேலையே செய்யவில்லை, 50 மட்டும்தான். ஆற்றலின் அளவு பார்ப்பவரைப் பொறுத்து மாறும். ஆனால் ஒரே இடத்தில் நின்று பார்க்கத் தொடங்கினால் கடைசிவரை அங்கேயே நிற்க வேண்டும். பாதிக் கணக்கைப் பஸ்ஸிலும் பாதியைச் சாலையிலும் போடக்கூடாது.

ஜூலை 22, சற்று நேரம் கழித்து

ஓடும் பஸ்ஸில் ஒரு கிலோ பந்தை எறிந்து பார்க்க வேண்டாம். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே ஒருவர் எந்தத் தடப் பஸ் கூட்டமில்லாமல் இருக்கும் என்று கேட்டுவிட்டார்.